ஒரே ஒரு பிளைவுட் பலகையில் கேபின் தரை

தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தில் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றும் தோணிகளைக் கரையில் நின்று பார்த்திருப்பீர்கள். இந்த அத்தியாயம் அவ்வளவு பெரிய கலங்களுக்கானது அல்ல. பழைய வள்ளத்தை வாங்கிக் கேபின் கட்டியவர், ஃபைபர் படகில் பாய்மரம் ஏற்றியவர், இருபது இருபத்தைந்து அடி மரப்படகை அப்பாவிடமிருந்து பெற்றவர், இவர்களுக்கானது. உங்கள் கேபின் தரை கால் வைத்த இடத்தில் அமுங்குகிறதா? மழைக்குப் பிறகு அடியிலிருந்து புளித்த வாடை வருகிறதா? அப்படியானால் மாற்றும் காலம் வந்துவிட்டது. படகு கட்டும் ஓடாவியைக் கூப்பிடாமலேயே செய்யலாம்.

முதலில் என் கதை. நான் போட்ட முதல் தரை, வீட்டு வரவேற்பறை மாதிரி இருந்தது. பிளைவுட்டை இடைவெளி இல்லாமல் இறுக்கி அடித்து, மேலே மர நிற வினைல் விரிப்பைப் பசை போட்டு ஒட்டினேன். வந்தவர் எல்லாம் மெச்சினார்கள். அடுத்த கார்த்திகையில் விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால், பிளைவுட் அடுக்கடுக்காகப் பிரிந்து அப்பளம்போல் கையில் வந்தது. திரேஸ்புரத்தில் படகு வேலை பார்த்துக்கொண்டிருந்த வயதான ஓடாவி ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தண்ணி வாரது வரட்டும் தம்பி. எங்க வருதுன்னு பாக்க முடியணும்லா?”

இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றியதுதான். படகில் தரை என்பது ஒரு மூடி. அதற்கும் படகின் அடிமரமான ஏராவுக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தில் தண்ணீர் சேரும். அதைப் பார்க்க வேண்டும், இறைக்க வேண்டும், காற்று போக வேண்டும். எனவே ஒட்டாதீர்கள், ஆணி அடிக்காதீர்கள்.

எப்போது செய்வது

கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகுகள் எல்லாம் அப்போதுதான் பழுது பார்க்க ஏறும். மரம் கிராக்கி, ஆள் கிராக்கி, கரையில் இடமும் கிராக்கி. மாசி, பங்குனியில் வேலையை முடித்துவிடுவது நல்லது. வடகிழக்குப் பருவ ஈரம் போயிருக்கும், பெயிண்ட் சீராகக் காயும். ஐப்பசி, கார்த்திகையில் தொடங்கவே வேண்டாம்.

எந்தப் பலகை

மரைன் பிளைவுட்தான் வாங்க வேண்டும். ஐஎஸ்ஐ முத்திரைக்கு மேலே ‘ஐஎஸ் 710’ என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். ‘ஐஎஸ் 303’ என்று இருந்தால் அது வீட்டு அலமாரிக்கு. கடைக்காரர் “இதுவும் வாட்டர் ப்ரூஃப்தான் அண்ணாச்சி” என்பார். வாதாட வேண்டாம். உள்ளங்கை அளவு துண்டு ஒன்று கேட்டு வாங்கி வந்து, வீட்டில் நாலைந்து மணி நேரம் கொதிக்கும் தண்ணீரில் போடுங்கள். அடுக்கு பிரிந்தால் அந்தக் கடைக்கு மறுபடி போகாதீர்கள். 710 தரத்துக்கான சோதனையே 72 மணி நேரக் கொதிநீர்ச் சோதனைதான். 12 மி.மீ. கனம் போதும். எட்டுக்கு நாலு அடிப் பலகை ஒன்று 23 கிலோ அளவில் இருக்கும்.

துறைமுக ஊர் என்பதால் இன்னும் மலிவான இரண்டு ஆசைகள் உங்கள் முன்னால் வரும்.

ஒன்று, உடைத்த கன்டெய்னரின் தரைப் பலகை. 28 மி.மீ. கனம், இரும்பு மாதிரி உறுதி, விலையும் சல்லிசு. ஆனால் பூச்சி அரிக்காமல் இருக்க அதில் மருந்து ஏற்றியிருப்பார்கள். என்ன மருந்து, எந்த ஆண்டு என்பது கன்டெய்னர் கதவிலுள்ள தகட்டில் இருக்கும். பலகை பழைய சாமான் கடைக்கு வரும்போது அந்தத் தகடு கூடவே வராது. காற்றில்லாத கேபினில் அதன்மேல் பாய் விரித்துத் தூங்குவதும், அதை அறுத்த தூளை மூச்சில் இழுப்பதும் வேண்டாத வேலை. எடையும் பாருங்கள்: கீழே நான் எடுத்துக்கொள்ளும் கேபினுக்கு 12 மி.மீ. பலகை 16, 17 கிலோ வரும். கன்டெய்னர் பலகை 45 கிலோ தொடும்.

இன்னொன்று, சரக்கு இறக்கிப் போட்ட மரப் பேலட்டுகள். தாங்குகட்டைக்கு இவை ஓரளவு உதவும். பக்கத்தில் சூடு போட்டது போன்ற முத்திரை இருக்கும். அதில் ‘எச்டி’ என்ற எழுத்துகள் இருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது, எடுக்கலாம். ‘எம்பி’ என்றால் மெதைல் புரோமைடு புகை போட்டது, விடுங்கள். முத்திரையே இல்லாததையும் விடுங்கள்.

தாங்குகட்டைக்கு என் தேர்வு பழைய மரக்கடைத் தேக்குச் சட்டம். வீடு இடித்த கதவு நிலைகளிலிருந்து வருவது. முப்பது நாற்பது வருடம் காய்ந்த மரம் இனி முறுக்காது. வைரம் பாய்ந்த பனஞ்சட்டமும் நம் பக்கம் மலிவுதான். உழைக்கும், ஆனால் கனம், சிலாம்பு கையில் ஏறும், முன்கூட்டியே துளை போடாமல் திருகாணி இறங்காது.

திருகாணியில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. 316 தர எவர்சில்வர் வாங்குங்கள். சாதாரண இரும்புத் திருகாணி ஒரு பருவத்தில் துருத்தூளாகிவிடும். பித்தளை பார்க்க நன்றாக இருக்கும். உப்புத் தண்ணீரில் அதிலுள்ள துத்தநாகம் அரித்துப்போய், திருப்பும்போது தலை தனியே வந்துவிடும்.

வேலைக்கு முன் ஐந்து பாதுகாப்புகள்

1. கேபினில் கேஸ் அடுப்பு இருந்தால் சிலிண்டரைக் கழற்றிக் கரைக்குக் கொண்டுபோங்கள். சமையல் கேஸும் பெட்ரோல் ஆவியும் காற்றைவிடக் கனமானவை. தரைக்குக் கீழே பள்ளத்தில்தான் போய்த் தங்கும். நீங்கள் டிரில் வைக்கப்போவதும் அங்கேயேதான். எல்லா மூடிகளையும் திறந்து, ஒரு மணி நேரமாவது காற்றோட விடுங்கள்.

2. பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். கரையிலிருந்து 230 வோல்ட் ஒயர் இழுப்பதாக இருந்தால் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் வழியாக மட்டும். முடிந்தால் சார்ஜ் போடும் டிரில்லே இரவல் வாங்குங்கள்.

3. பழைய மரப்படகில் அடிப்பூச்சு ரெட் லெட்டாக இருக்கலாம். அது ஈயம். உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போடாதீர்கள்; நனைத்துத் தேயுங்கள், முகமூடி போடுங்கள், அந்தத் துணியை வீட்டுத் துணியோடு துவைக்காதீர்கள்.

4. ஃபைபர் வேலைக்கு ரெசின் வாங்கினால் அதோடு இரண்டு குட்டிப் புட்டிகள் தருவார்கள்: ஊதா நிற ஆக்சிலரேட்டர், தண்ணீர் போன்ற கேட்டலிஸ்ட். இரண்டையும் ஒன்றோடொன்று நேரடியாகக் கலந்தால் தீப்பிடித்து வெடிக்கும். ஆக்சிலரேட்டரை ரெசினில் நன்றாகக் கலக்கி முடித்த பிறகுதான் கேட்டலிஸ்ட். அது கண்ணில் ஒரு சொட்டு பட்டாலும் பார்வைக்கு ஆபத்து. கண்ணாடி போடாமல் புட்டியைத் திறக்காதீர்கள். பட்டுவிட்டால் உடனே கால் மணி நேரம் நல்ல தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

5. தனியாக வேலை செய்யாதீர்கள். மூடி இல்லாத கேபினில் கால் இரண்டு கட்டைகளுக்கு நடுவே இறங்கினால் முழங்கால் போய்விடும்.

பழையதைக் கழற்றுதல்

1. கழற்றும் முன் செல்போனில் படம் எடுங்கள். எந்தப் பலகை எந்த இடம் என்று சாக்பீஸால் எண் போடுங்கள். மக்கிப்போன பலகையும் நல்ல அளவுகோல்; எறிந்துவிடாதீர்கள்.

2. கடப்பாரையால் நெம்பாதீர்கள். பழைய ஆணி இறங்கியிருப்பது விலா எலும்புபோல் நிற்கும் வங்குக்காலிலா, படகின் வெளிப்பலகையிலா என்று உங்களுக்குத் தெரியாது. வெளிப்பலகை ஆணி அசைந்தால் பலகை இடுக்கை அடைத்த கலப்பத்து விட்டுப்போய் அங்கே ஊற்று திறக்கும். ஆணித் தலையை அறுத்துவிட்டுப் பலகையை மேலாகத் தூக்குங்கள்.

3. அடிப்பள்ளத்தில் இருப்பதை எல்லாம் இறைத்து அள்ளுங்கள். நல்ல தண்ணீரில் இரண்டு முறை கழுவுங்கள். நம் ஊரில் தண்ணீர் அருமைதான், ஆனாலும் இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாக ஈரத்தை உறிஞ்சிக் கசியும். உப்பளத்துக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. உப்பு ஊறிய மரம் நம் கடற்கரையில் ஒருநாளும் முழுதாகக் காயாது. அதன்மேல் அடித்த பெயிண்ட் உரிந்துவிடும்.

4. ஒவ்வொரு வங்குக்காலையும் கோணி ஊசியால் குத்திப் பாருங்கள். சுத்தியல் பிடியால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். ஊசி அரை அங்குலம் இறங்கினாலோ, தட்டும்போது பூசணிக்காய்ச் சத்தம் வந்தாலோ, நிறுத்துங்கள். வங்கு, ஏரா, வெளிப்பலகை இந்த மூன்றும் ஓடாவியின் வேலை. தரை காத்திருக்கும்.

அளவு எடுத்தல்

அதிகம் பேர் தவறுவது இங்கேதான். ரசமட்டத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். தண்ணீரில் மிதக்கும் படகில் அது ஆடிக்கொண்டே இருக்கும். கரையில் ஏற்றிய படகோ ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். படகு தன் எடையோடு அமைதியாக மிதக்கும்போது, முன் தடுப்பிலிருந்து பின் தடுப்புக்கு நடுவில் ஒரு நூலை விறைப்பாகக் கட்டுங்கள். அதுதான் உங்கள் நேர்க்கோடு. உயரம் இரண்டு முனையிலும் பழைய தரை இருந்த இடத்திலிருந்து.

பிறகு அச்சு. பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்துக் கீழே விரியுங்கள். படகின் பக்கவாட்டு வளைவுக்கு ஏற்ப ஓரத்தைக் கத்தரியுங்கள். அதிகம் வெட்டிவிட்டால் வேறு துண்டு ஒட்டி மறுபடி வெட்டுங்கள். அட்டை பத்து முறை தப்பலாம். பலகை ஒரு முறைகூடத் தப்பக்கூடாது. ஒவ்வொரு அச்சிலும் ‘மேல்’, ‘அணியம்’ (முன்பக்கம்), ‘இடம்’ அல்லது ‘வலம்’ என்று எழுதுங்கள்.

ஒரு பலகையில் முழுத் தரை

எடுத்துக்காட்டுக்கு ஒரு கேபின்: நீளம் 6 அடி, அணியப் பக்கம் அகலம் 54 அங்குலம், பின்பக்கம் 36 அங்குலம். நடுவில் 15 அங்குல அகலத்துக்குத் தூக்கும் மூடிகள். இரண்டு பக்கமும் திருகாணியில் நிற்கும் பக்கப் பலகைகள்.

பக்கப் பலகை ஒவ்வொன்றும் அணியத்தில் 19.5 அங்குலம், பின்னால் 10.5 அங்குலம். இரண்டையும் தலைமாற்றி, ஒன்றின் அகன்ற முனைக்கு எதிரே மற்றதன் குறுகிய முனை வரும்படி, சாய்ந்த ஓரங்கள் உள்ளே பார்க்க வரையுங்கள். 19.5-ம் 10.5-ம் சேர்ந்து 30 அங்குலம். நடு மூடிக்கு 15. ஆக 45. பலகையின் அகலம் 48. மிச்சம் 3 அங்குலம் ரம்ப வாய்க்கும் பக்க வளைவின் புடைப்புக்கும் சரியாகிவிடும். நீளவாக்கில் இன்னும் 24 அங்குலம் மீதி. அந்தத் துண்டுதான் பெயிண்டும் பசையும் சோதித்துப் பார்க்க.

இதில் ஒரு பொறி உண்டு. நான் விழுந்த பொறி. தலைமாற்றி வரைந்த இரண்டு பலகைகளும் ஒரே பக்கத்துக்கானவை. இரண்டு இடக்கால் செருப்பு மாதிரி. ஒன்றைக் கவிழ்த்துப் போட்டால்தான் மறுபக்கத்துக்குப் பொருந்தும். மரைன் பிளைவுட்டுக்கு இரு முகமும் ஏறக்குறைய ஒன்றே, எல்லாவற்றுக்கும் பெயிண்ட் அடிக்கவும் போகிறோம். அதனால் கவிழ்ப்பதில் நஷ்டமில்லை. ஆனால் படகின் பக்கச் சாய்வுக்கு ஏற்ற ஓரச் சரிவை அறுக்கும்போதே கொடுத்துவிட்டால், கவிழ்த்த பலகையில் அது தலைகீழாக வந்து நிற்கும். எல்லாவற்றையும் நேராக அறுங்கள். சரிவை, பலகையை இடத்தில் வைத்துப் பார்த்த பின் இழைப்புளியால் சீவுங்கள்.

தாங்குகட்டைகள்

1. இரண்டுக்கு ஒன்றரை அங்குலச் சட்டம். குறுக்காக, 12 அங்குலத்துக்கு ஒன்று. ஆறடிக்கு ஏழு கட்டை, எல்லாம் சேர்ந்து 30 அடிச் சட்டம் போதும். பிளைவுட்டின் மேல் இழை நீளவாக்கில் ஓட, கட்டை குறுக்கே வர வேண்டும். மாறிப்போனால் நடக்கும்போது தொட்டில்போல் ஆடும்.

2. பூச்சிக்கும் பூஞ்சைக்கும்: வெண்காரம் மூன்று பங்கு, போரிக் பவுடர் இரண்டு பங்கு. கலவையில் 100 கிராமை ஒரு லிட்டர் வெந்நீரில் கரைத்து மூன்று முறை தடவுங்கள். ஒரு வாரம் நிழலில் காய வையுங்கள். இது தண்ணீரில் கரைந்து வெளியேறும் சரக்கு. மேலே பெயிண்ட் இல்லாவிட்டால் பயனில்லை. குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

3. கட்டையின் இரு முனைகளும் வங்குக்காலோடு சேர வேண்டும். வெளிப்பலகையில் ஒரு திருகாணிகூட இறங்கக் கூடாது. டிரில் பிட்டில் வேண்டிய ஆழத்துக்குச் சிவப்பு டேப் சுற்றிக்கொள்ளுங்கள். டேப் மரத்தைத் தொட்டால் நிறுத்த வேண்டும்.

4. ஒவ்வொரு கட்டையின் அடியிலும் நடுவில் தண்ணீர் ஓட ஒரு வாய் விடுங்கள். விடாவிட்டால் ஏழு கட்டைக்கு நடுவே ஆறு குட்டை தேங்கும். இறைக்கும் இடத்துக்குத் தண்ணீரே வராது.

ஃபைபர் படகில் வங்குக்கால் இருக்காது. அங்கே கட்டையின் முனைகளை ஃபைபர் பாயும் ரெசினும் வைத்துப் பக்கத்தோடு ஒட்ட வேண்டும். படகு கட்டுபவர்களிடம் மலிவாகக் கிடைக்கும் பாலியெஸ்டர் ரெசின் மரத்தை அவ்வளவாகப் பற்றாது. இந்த இடத்துக்கு மட்டும் எபாக்சி வாங்குங்கள். நம் வெயிலில் அது குவளையிலேயே புகைந்து இறுகும், ஆகவே காலை ஒன்பது மணிக்குள், கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து முடியுங்கள்.

பலகையைப் பொருத்துதல்

1. பக்கப் பலகைக்கும் படகின் பக்கத்துக்கும் நடுவே 6 மி.மீ. விடுங்கள். மூடிகளைச் சுற்றி 3 மி.மீ. வறண்ட பங்குனியில் கச்சிதமாகப் பொருந்திய மூடி, ஐப்பசி ஈரத்தில் உப்பி இறுகிக்கொள்ளும். அவசரத்தில் தூக்க வேண்டிய அன்றுதான் அது வராது.

2. நடு மூடியை 24 அங்குலமாக மூன்று துண்டாக்குங்கள். இரண்டு மூட்டும் கட்டைகளின்மேல் விழும். ஒவ்வொன்றிலும் ஓர் அங்குலத் துளை ஒன்று. விரல் விட்டுத் தூக்கவும் காற்று போகவும் அதுவே போதும். விற்கிற வளையக் கைப்பிடி வாங்கினால் இரவில் கால் விரலை இடித்துக்கொள்வீர்கள்.

3. எல்லாம் பொருந்தியதும் கழற்றி வெளியே கொண்டுவாருங்கள். பிரைமர் ஒன்று, எனாமல் இரண்டு, ஆறு முகத்துக்கும். அறுத்த ஓரங்களுக்கும் துளையின் உள்வட்டத்துக்கும் கூடுதலாக எபாக்சி அல்லது இன்னொரு பூச்சு. பிளைவுட் தண்ணீர் குடிப்பது ஓரத்தால்தான். கண்ணுக்குத் தெரியாத அடிமுகத்தை விட்டுவிடுவதுதான் எல்லாரும் செய்யும் மிச்சப்படுத்தல். அழுகலும் அங்கிருந்துதான் தொடங்கும்.

4. கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே சலித்த ஆற்று மணலைத் தூவுங்கள். காய்ந்ததும் உதிரியைப் பெருக்கிவிட்டு மெல்லிய பூச்சு ஒன்று. கடற்கரை மணலை அள்ளிவராதீர்கள், அதில் உப்பு இருக்கிறது. பளபளக்கும் வார்னிஷ் வேண்டாம். ஈரக் காலோடு இறங்கும் முதல் ஆள் சறுக்குவார்.

5. பக்கப் பலகைகளுக்கு எட்டாம் நம்பர், ஒன்றேகால் அங்குலத் திருகாணி, பலகைக்கு ஐந்து. தலை பலகைக்குள் அமுங்கட்டும். மேலே பட்டி வைத்து மறைக்காதீர்கள்.

6. நடு மூடிகளுக்கு மரத்தில் திருப்புத் தாழ்ப்பாள் ஒன்று போதும். படகு பலமாகச் சாய்ந்தால் பூட்டில்லாத மூடி உள்ளே பறந்து ஆளை அடிக்கும்.

மேலே என்ன விரிப்பது

எதுவும் வேண்டாம் என்பதே என் கருத்து. வெறுங்காலுக்கு மெத்தென்று இருக்க வேண்டுமென்றால், பஸ் பாடி கட்டுகிறவர்கள் போடும் புள்ளி வைத்த வினைல் விரிப்பு நல்ல சரக்கு. சறுக்காது, லட்சம் செருப்பைத் தாங்கியது. மிச்சத் துண்டுகளாகக் கேட்டால் சொற்பத்துக்குக் கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு மூடிக்கும் தனித்தனியாக வெட்டிச் சும்மா போடுங்கள், பசை வேண்டாம்.

பத்தமடைப் பாயை விரிக்கலாமா என்று கேட்ட நண்பர் ஒருவர் உண்டு. படுக்கும்போது விரித்து, எழுந்ததும் சுருட்டி வெளியே கொண்டுபோகிறவருக்கு அதைவிடக் குளிர்ச்சியானது இல்லை. அப்படியே விட்டுவைத்தால் வாடைக்காற்று வீசத் தொடங்கிய ஒரே வாரத்தில் அடியில் பூஞ்சை பூக்கும்.

போட்ட பிறகு

முதல் மாதம் வாரம் ஒருமுறை மூன்று மூடிகளையும் தூக்குங்கள். கையால் தடவிப் பாருங்கள். நாக்கில் வைத்தால் உப்புக் கரித்தால் கடல் தண்ணீர், கரிக்காவிட்டால் மேல்தட்டிலிருந்து ஒழுகும் மழை. எண்ணெய்ப் படலமோ இன்ஜின் ஈரமோ தெரிந்தால் நாக்குப் பக்கம் போகாமல் முகர்ந்து மட்டும் பாருங்கள். மூடி ஏதாவது இறுகினால் உடனே ஓரத்தை ஒரு சீவு சீவி, சீவிய இடத்துக்கு அன்றைக்கே பெயிண்ட் தொட்டுவிடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை பக்கப் பலகைகளின் பத்துத் திருகாணிகளையும் கழற்றி, கிரீஸ் தொட்டு மறுபடி போடுங்கள்.

அட்டை அச்சுகளை மட்டும் குப்பையில் போடாதீர்கள். தேதி எழுதி, பிளாஸ்டிக் பையில் சுற்றி, படுக்கைப் பலகைக்கு அடியில் செருகிவையுங்கள். என்னுடையதில் இடம் வலம் எழுத மறந்து, இரண்டாம் முறையும் அட்டைப்பெட்டி தேடி எலெக்ட்ரிக் கடைக்குப் போனேன்.